அக்காவுக்குப் பதிலாக ஆட வந்தவர்

சேன்-தாமியேன், போஸ்
12 செப்டம்பர் 1926

என் தெலிமா அக்காவுக்கு,

மாதா தயவில் இங்கே அப்பாவும் நானும் மாடுகளும் சௌக்கியம். உன் இருமல் விட்டதா? மில் பஞ்சு நெஞ்சில் தங்கிவிடப் போகிறது. ராத்திரியில் மேப்பிள் பாகைச் சுடவைத்து இரண்டு கரண்டி குடி.

இப்போது உட்கார்ந்துகொள். அல்ஃபே வந்து பெண் கேட்டுவிட்டான்! ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கழுத்தை அறுக்கிற புதுக் காலரோடு வந்து உட்கார்ந்தான். ஓட்ஸ் விளைச்சல், குதிரை லாடம், ஆற்றுப் பாலம் என்று ஊர்க் கதையெல்லாம் பேசினான், வந்த விஷயத்தை மட்டும் பேசவில்லை. கடைசியில் அப்பாதான், "டேய், ஓட்ஸு எங்கயும் ஓடிடாது. பொண்ணு வேணுமா வேணாமா, அதைச் சொல்லு"ன்னார். அவன் வாயைத் திறப்பதற்குள் நான் சமையலறையிலிருந்து "வேணுமாம்" என்று கத்திவிட்டேன். மானம் போயிற்று, போகட்டும்.

தவக்காலத்துக்கு முன்னால், பிப்ரவரி இரண்டாம் செவ்வாய் கல்யாணம். அக்கா, அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். தங்கை முந்திக்கொண்டால், கல்யாணமாகாத மூத்தவள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, கண்ணைப் பறிக்கிற கம்பளிக் காலுறையோடு ஊர் முன்னால் ஆட வேண்டும். முப்பத்தொரு வயசு, தப்பிக்க முடியாது! காலுறையை நானே பின்னுகிறேன். ஒரு கால் சிவப்பு, ஒரு கால் கடுகு மஞ்சள். முட்டிவரை வரும், நுனியில் குஞ்சலம் வேறு.

அப்பா போன வாரமே கோயில் படியில் ஏறி நின்று, "என் மூத்தவ ஸ்டேட்ஸ்லேர்ந்து வந்து ஆடப்போறா, நான்தான் வயலின் வாசிக்கப்போறேன், எல்லாரும் வாங்க"ன்னு அறிவித்துவிட்டார். நீ வந்தே ஆகணும்.

உடம்பைப் பார்த்துக்கொள். முத்தங்களோடு,
கோர்தெலி

---

பிடிஃபோர்ட், மேய்ன்
3 அக்டோபர் 1926

அடி கோர்தெலி,

இருமல் போய்விட்டது. உன் கடிதத்தைத் தறி ஓடும்போதே படித்துச் சிரித்தேன், பக்கத்துத் தறிக்காரி எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று நினைத்தாள். அப்பாவின் இடுப்பு வலி எப்படி? அல்ஃபே நல்ல பையன், காது மட்டும் கொஞ்சம் பெரிசு. சொன்னதெல்லாம் கேட்கும், உனக்கு அதுதான் வேண்டும்.

அம்மா இருந்திருந்தால் இந்நேரம் ஊரிலுள்ள பன்றியையெல்லாம் வெட்டிப் போட்டிருப்பாள். கல்யாண விருந்துக்கு அவள் செய்கிற இறைச்சி அடைத்த அப்பம் நினைவிருக்கிறதா? கிராம்பைக் கொஞ்சமாகப் போடு, உன் கை தாராளம்.

காலுறையை இப்போதே பின்ன ஆரம்பிக்காதே. கம்பளி வீணாகப் போகும். மில்லில் லீவு கிடைக்குமோ கிடைக்காதோ.

வேறொரு விஷயம், சும்மாதான் கேட்கிறேன். அப்பா இன்னும் ஐரிஷ்காரர்களைத் திட்டுகிறாரா? வயசாக ஆக மனுஷனுக்குக் கோபம் ஆறும் என்பார்கள், அதனால் கேட்டேன்.

எல்லோருக்கும் என் அன்பு. குளிருக்கு முன்னால் ஜன்னல் சந்துகளை அடைத்துவிடுங்கள்.
தெலிமா

---

சேன்-தாமியேன்
24 அக்டோபர் 1926

அக்காவுக்கு,

எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. அப்பாவின் இடுப்பு வலி மழை வந்தால் வரும், வயலினை எடுத்தால் போய்விடும்.

ஆறுவதாவது! நீ கேட்டதை அவரிடமே கேட்டேன், அது என் தப்பு. வாயிலிருந்த உருளைக்கிழங்கைத் துப்பிவிட்டு, "ஐரிஷ்காரன் எவனாவது இந்த வாசப்படியை மிதிச்சான், அவன் காலை ஒடிச்சு அடுப்புல வைப்பேன்"ன்னு ஆரம்பித்தவர், மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்வரை நிறுத்தவில்லை. உனக்குத்தான் தெரியுமே, வாலிபத்தில் மேய்ன் செங்கல் சூளைக்கு வேலைக்குப் போன இடத்தில் ஒரு ஐரிஷ் மேஸ்திரி இவர் மூக்கை உடைத்துவிட்டான். எதற்கு உடைத்தான் என்று மட்டும் இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. கேட்டால் மூக்கைத் தொட்டுக்கொண்டு எழுந்து போய்விடுகிறார்.

எதற்குத் திடீரென்று இந்தக் கேள்வி?

சிவப்புக் காலுறை முடிந்துவிட்டது. நீ சொன்னதை நான் என்றைக்குக் கேட்டிருக்கிறேன்? மஞ்சளும் முடிந்ததும் தபாலில் அனுப்புகிறேன், போட்டுப் பார். அளவு பத்தாவிட்டால் சொல்லு.

கர்த்தர் உன்னைக் காப்பாராக. வயிறாரச் சாப்பிடு.
கோர்தெலி

---

பிடிஃபோர்ட்
5 டிசம்பர் 1926

கோர்தெலி,

தாமதத்துக்குக் கோபிக்காதே. உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் தினமும் ஒரு ஜெபமாலை சொல்கிறேன். எனக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. பன்றிக் கொழுப்பு வாசம் பட்டால் மட்டும் வயிற்றைப் புரட்டுகிறது, அதுவும் இப்போது பரவாயில்லை. ஊறுகாய்தான் இறங்குகிறது.

காலுறை வந்து சேர்ந்தது. மாதாவே, அது காலுறையா, திருவிழாக் கொடியா? ராத்திரி முழுக்க மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என்னால் கல்யாணத்துக்கு வர முடியாது, கோர்தெலி. மில்லில் விடமாட்டார்கள். குளிர்காலத்தில் ரயிலும் சரியில்லை. அப்பாவிடம் நீயே பதமாகச் சொல்லிவிடு. நான் வராமல் உன் கல்யாணம் நடப்பதை நினைத்தால் மேலே எழுத ஓடவில்லை, இதோடு நிறுத்துகிறேன்.

தபால் உறைமேல் என் புது விலாசம் இருக்கிறது. இனி அங்கே எழுது.

அப்பாவைக் குளிரில் வெறுந்தலையோடு போக விடாதே.
தெலிமா

---

சேன்-தாமியேன்
19 டிசம்பர் 1926

தெலிமா,

நாங்கள் நன்றாயிருக்கிறோம். நீ நன்றாயில்லை, அது எனக்குத் தெரிகிறது.

மில்லில் விடமாட்டார்களாம்! போன வருஷம் யாரோ தோழியின் நிச்சயத்துக்கு மூன்று நாள் லீவு போட்டவள் நீ. அப்பாவிடம் சொன்னேன். வயலினை உறையில் போட்டு ஆணியில் மாட்டிவிட்டார். அதிலிருந்து எடுக்கவே இல்லை. நேற்று மாட்டுக்கொட்டகையில் மாட்டிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஊர் முன்னால ஆட வெக்கம்னா சொல்லிட்டுப் போகட்டும், நானா கட்டாயப்படுத்தப்போறேன்? அதுக்காக வராமலே இருக்கறதா?" மாடு என்னத்தைச் சொல்லும்?

அல்ஃபே மேய்ன் பக்கம் மரம் வெட்டப் போனவன். உன் புது விலாசத்தைப் பார்த்துவிட்டு, "இது நம்ம பிரெஞ்சு ஆளுங்க இருக்கற தெரு இல்லியே, கோர்தெலி. இது ஐரிஷ் கோயில் பக்கம்"னான். அவன் வாயை மூடினேன். என் வாயை யார் மூடுவது? எதை மறைக்கிறாய், அக்கா? நான் உன் கூடப் பிறந்தவள். ஒரே படுக்கையில் உன் குளிர்ந்த காலைச் சகித்துக்கொண்டு படுத்தவள். எனக்குக்கூடச் சொல்லக்கூடாதா?

கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசையில் உனக்காக ஒரு மெழுகுவர்த்தி. உடம்பு எப்படி என்று உண்மையை எழுது.
கோர்தெலி

---

பிடிஃபோர்ட்
6 ஜனவரி 1927

என் செல்லமே,

புது வருஷத்தில் உனக்கும் அப்பாவுக்கும் நல்ல சுகமும், காலம் முடிந்தபின் மோட்சமும் கிடைக்கட்டும். உடம்பு எப்படி என்று கேட்டாய். உடம்பு ஒன்று அல்ல, இரண்டாக இருக்கிறது. ஏப்ரலில் குழந்தை.

பயப்படாதே, நான் கல்யாணமானவள். போன ஜூனில் ஆயிற்று, கோயிலில், சாமியார் முன்னால். ஐரிஷ் கோயிலில். அவர் பெயர் ஓவன் டியர்னி. எங்கள் மில்லில் தறி பழுது பார்ப்பவர். என் தறி வாரத்துக்கு ஒரு தரம் ரிப்பேராகும். பிறகு இரண்டு நாளைக்கு ஒரு தரம் ஆயிற்று. பிறகு பார்த்தால் நானே நூலை அறுத்துவிட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்! அவருக்கு நம் பிரெஞ்சுப் பேச்சு வராது, எனக்கு அரைகுறை இங்கிலீஷ். ஆனாலும் ராத்திரியெல்லாம் பேசுகிறோம், எப்படி என்று கேட்காதே.

சந்தோஷமாக இருக்கிறேன், கோர்தெலி. அதுதான் வேதனை. இவ்வளவு சந்தோஷத்தை வைத்துக்கொண்டு சொந்த அப்பாவிடம் சொல்ல முடியவில்லை. என் பிள்ளை அந்த வீட்டு வாசலை மிதிக்க முடியாமல் போய்விட்டால்? அதை நினைத்துத்தான் எழுதி எழுதிக் கிழித்தேன்.

மேசைமேல் காலுறையைப் பார்த்து ஓவன் இது என்ன என்றார். சொன்னேன். காலுறையைக் கையில் எடுத்துக்கொண்டு, "உன்னால ஆட முடியாது, நான் போய் ஆடறேன். அவர் மகளோட சாக்ஸுல என் காலை ஒடிக்கறார்னா ஒடிக்கட்டும்"னார். சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. டிக்கெட் வாங்கிவிட்டார்.

அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லாதே. காகிதத்தைக் கிழித்துப் போடுவார். எதிரே நிற்கிற ஆளைக் கிழிக்க முடியாது. ஓவனுக்கு நம் பேச்சில் மூன்று வாக்கியம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், ஞானோபதேசம் மாதிரி மனப்பாடம் பண்ணுகிறார். வந்ததும் அப்பா முன்னால் நிறுத்திவிடு, அவரே சொல்லிக்கொள்வார்.

என்னை மன்னித்துவிடு. எங்கள் இருவர் நலம் சொல்லிவிட்டேன், உன் நலம் உடனே எழுது.
தெலிமா

---

சேன்-தாமியேன்
16 ஜனவரி 1927

அடிப்பாவி!

நான் நலம். அழுதேன், சிரித்தேன், மறுபடி அழுதேன், ரொட்டி கருகிவிட்டது. அப்பா கேட்டதற்கு அடுப்புப் புகை என்று சொல்லிவிட்டேன்.

அனுப்பு உன் ஐரிஷ்காரரை. அக்கா புருஷன் எனக்கு அத்தான், எந்த ஜாதிக்காரரானாலும் அத்தான்தான். "தெலிமாவுக்குப் பதிலா ஒருத்தர் வந்து ஆடுவார்" என்று மட்டும் அப்பாவிடம் சொன்னேன். "யாராம்?"னார். "மில் ஆளு"ன்னேன். வயலினை ஆணியிலிருந்து எடுத்துவிட்டார்.

நீ கனமானதைத் தூக்காதே, கையை மேலே தூக்கித் துணி காயப்போடாதே. ஆயிரம் முத்தம், குழந்தைக்கு இன்னொரு ஆயிரம்.
கோர்தெலி

---

சேன்-தாமியேன்
11 பிப்ரவரி 1927

அக்காவுக்கு, உன் கல்யாணமான தங்கை எழுதுவது:

சுகமாக இருக்கிறேன், என் புருஷனும் (ஆகா!) சுகம். நீ பத்திரமா? நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்கிறேன், வயிற்றைப் பிடித்துக்கொள்.

அத்தான் திங்கள் மதியம் ரயிலில் இறங்கினார். எப்படி இறங்கினார் தெரியுமா? காலுறையைப் போட்டுக்கொண்டு! கால்சட்டையை அதற்குள் திணித்து, ஒரு கால் சிவப்பு ஒரு கால் மஞ்சள், குஞ்சலம் ஆட. நீ சரியாகச் சொல்லவில்லையா, அவர் சரியாகப் புரிந்துகொள்ளவில்லையா? நிலையத்திலிருந்து வீடுவரை பனிவண்டியில் நின்றபடியே தொப்பியைத் தூக்கி எல்லோருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டு வந்தார். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

அப்பா முன்னால் நிறுத்தினேன். அவர் மூன்று வாக்கியத்தைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். வேர்த்தது, திக்கியது, "நா... நான்..." அதற்குமேல் வரவில்லை. அப்பாவின் முகம் அப்படியே இளகிவிட்டது. என்னிடம் திரும்பி, "பாவம், பாரு. நம்ம பையன்தான். ஸ்டேட்ஸ்லயே பொறந்து வளந்திருப்பான். மில்லுக்குப் போயி தாய்மொழியவே தொலைச்சுட்டான்"னார். அக்கா, நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக ரொட்டியை எடுத்து மேசைமேல் வைத்தேன். அன்று முழுக்க அப்பா அவருக்கு நம் பேச்சு சொல்லிக் கொடுத்தார். ரொட்டியைத் தூக்கிக் காட்டி, செவிடனிடம் பேசுவது மாதிரி, "ரொட்டி! சொல்லு பாப்போம், ரொட்டி!" அத்தான் சொல்வார். "பாத்தியா? ரத்தத்துல இருக்கு, எங்க போயிடும்?"னு முதுகில் ஒரு அடி. அல்ஃபே சிரிப்பை அடக்க முடியாமல் கொட்டகைக்கு ஓடினான்.

மறுநாள் பூசை, மோதிரம், விருந்து எல்லாம் சிறப்பாக முடிந்தது. (கிராம்பு கொஞ்சம் அதிகம்தான்.) சாயங்காலம் மேசைகளை ஓரம் தள்ளி, ஊரே சுவரோடு நிற்க, அப்பா நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு குதிகாலாலும் தாளம் தட்டி வாசிக்க ஆரம்பித்தார். அத்தான் நடுவில் வந்தார். "காலைப் பாருடா, திருவிழாடா!" என்று ஒரே கூச்சல்.

அப்புறம் அவர் ஆடினார். கை இரண்டும் உடம்போடு ஒட்டியிருக்கிறது, முதுகு வளையவில்லை, முகத்தில் ஒரு சலனம் இல்லை, கால் மட்டும் தரையில் நிற்கவே இல்லை. கூச்சல் அடங்கிவிட்டது. அப்பா குறும்பாக வேகத்தைக் கூட்டினார். கால் கூடவே போயிற்று. இன்னும் கூட்டினார். நெற்றி வேர்த்தது அப்பாவுக்குத்தான். திடீரென்று பாட்டு பாதியில் நின்றது. அப்பா அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை எங்க கத்துக்கிட்ட?"

அல்ஃபே இங்கிலீஷில் கேட்டான். அத்தான் மூச்சு வாங்கியபடி, "எங்கம்மாகிட்ட. அயர்லாந்துல"ன்னார். அந்த நேரம் பார்த்து மூன்று வாக்கியமும் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது! விறைப்பாக நின்று ஒப்பித்தார்: "நான் தெலிமாவோட புருஷன். அவ நல்லா இருக்கா. ஏப்ரல்ல உங்களுக்குப் பேரப்பிள்ளை."

அப்பா வயலினைக் கீழே வைத்தார். யாரையும் பார்க்காமல் கொட்டகைக்குப் போய்விட்டார். ராத்திரி வீட்டுக்குள் வரவில்லை. காலையில் பார்த்தால் அவரே குதிரையைப் பூட்டி, அத்தானைக் கையால் சைகை காட்டி ஏற்றிக்கொண்டு நிலையத்துக்குப் போய்விட்டார். திரும்பி வந்தவர் இன்றுவரை எங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

வழியில் என்ன நடந்தது? அத்தானைக் கேட்டு எழுது. கால் இரண்டும் முழுசாக வந்து சேர்ந்ததா?
கோர்தெலி

---

பிடிஃபோர்ட்
18 பிப்ரவரி 1927

கோர்தெலி,

கால் இரண்டும் முழுசாக இருக்கிறது. நாங்கள் மூன்று பேரும் சௌக்கியம், எனக்குத் தூக்கம்தான் இல்லை.

உட்காரவைத்துக் கேட்டேன். "உங்கப்பா வழி முழுக்கப் பேசிக்கிட்டே வந்தார்"னார். என்ன பேசினார்? "தெரியாது. ஒரு இடத்துல சிரிச்சார். ஒரு இடத்துல வண்டியை நிறுத்திட்டு அழுதார். அப்புறம் மூக்கைக் காட்டினார். கடைசியா என்னமோ கேட்டார்." நீங்க என்ன சொன்னீங்க? "தலையாட்டினேன்."

தலையாட்டினாராம்! "மனுஷா, உன்னைக் கொன்னுடுவேன்னு சொல்லியிருந்தாலும் தலையாட்டியிருப்பியே!" என்று கத்தினேன். அதற்கும் தலையாட்டினார்.

அப்பாவிடம் கேள், கோர்தெலி. காலில் விழுந்து கேள். திட்டினாலும் சரி, அவர் வாயால் ஒரு வார்த்தை எனக்கு வேண்டும். அது தெரியாமல் நான் எப்படிப் பிள்ளை பெறுவேன்?

உங்கள் எல்லோருக்கும் என் ஜெபங்கள்.
தெலிமா

---

சேன்-தாமியேன்
6 மார்ச் 1927

தெலிமாவுக்கு அப்பா சொல்ல, கோர்தெலி எழுதியது. (ஒரு எழுத்தும் மாற்றவில்லை, அக்கா. அடைப்புக்குள் இருப்பது மட்டும் என்னுடையது.)

என் மகளே, இங்க நாங்க சௌக்கியம். நீ எப்படி இருக்க, வயித்துல உள்ளது எப்படி இருக்கு?

உன் கடுதாசியைக் கோர்தெலி படிச்சுக் காட்டினா. எனக்கு ஒண்ணும் புரியலை. உன் புருஷன்கிட்டதான் எல்லாத்தையும் சொல்லிட்டேனே, அவன் இன்னுமா உனக்குச் சொல்லலை? நல்லா ரகசியம் காக்கறான். அப்படிப்பட்ட ஆம்பளை கிடைக்கறது கஷ்டம். (அத்தானுக்கு ஒன்றும் புரியவில்லை என்று மூன்று தரம் சொல்லிப் பார்த்தேன். "அவன் தலையாட்டினான், நான் பாத்தேன்" என்கிறார்.)

சரி, நானே சொல்றேன். என் அம்மா பிரிஜித் இந்த நாட்டுல பொறக்கலை. பஞ்சத்துல ஐரிஷ்காரங்க கப்பல் கப்பலா வந்து, ஆத்துத் தீவுல காய்ச்சல்ல செத்தாங்களே, அதுல தப்பிச்ச குழந்தை. கீழாத்துப் பக்கத்து ஊர்ச் சாமியார் அநாதைப் பிள்ளைங்களை வண்டியில ஏத்திட்டு வந்து கோயில் வாசல்ல நிறுத்தினார். நம்ம ஆளுங்க ஆளுக்கொண்ணு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அவ நம்ம ஆளுங்க வீட்டுப் பொண்ணாவே வளந்தா, நம்ம பேச்சுதான் பேசினா. ஆனா யாரும் பாக்கலைன்னு நெனைச்சா, சமையக்கட்டுல தனியா ஆடுவா. கை ரெண்டும் உடம்போட ஒட்டியிருக்கும். நான் கதவிடுக்குல பாப்பேன்.

சூளைக்குப் போனப்ப, அந்த மேஸ்திரிகிட்ட ஆசையா சொன்னேன், "எங்கம்மாவும் உங்க ஆளுதான்"னு. அவன் சிரிச்சான். சோத்துக்காக எவன் வாசல்லயோ விட்டுட்டுப் போன குட்டின்னான். நான்தான் முதல்ல அடிச்சேன். மூக்கு போனது பெரிசில்லை. அன்னிக்கு என் அம்மாவையும் சேத்து வாயை மூடினேன் பாரு, அவ செத்தப்பகூடத் திறக்கலை. இங்க போஸுக்கு வந்து வீடு கட்டினதுக்கப்புறம் அவ கதை தெரிஞ்ச ஆளும் பக்கத்துல இல்லை.

அவன் சாக்ஸோட வந்து நின்னப்ப நம்ம பையன்னு நெனைச்சேன். ஆடினப்ப, என் அம்மா கால் என் வீட்டுத் தரையில ஆடுச்சு. நம்ம பையன்தான். நான் தப்பா நெனைக்கலை. (இந்த இடத்தில் வெளியே போய்விட்டு வந்தார்.)

முதல் பிள்ளைக்கு ஞானத்தந்தை நான்தான். வண்டியில கேட்டேன், அவன் தலையாட்டி ஒத்துக்கிட்டான், இனி பேச்சு மாத்தக் கூடாது. பாஸ்காவுக்கு அப்புறம் ரயில் ஏறி வர்றேன். பொண்ணுன்னா பிரிஜித்.

இன்னொண்ணு. புது வருஷத்தன்னிக்குப் பிள்ளைங்க மண்டிபோட்டு அப்பன்கிட்ட ஆசீர்வாதம் கேக்கணும். நீ கேக்க வரலை, நான் குடுக்க வரலை. தவக்காலத்துல குடுக்கக் கூடாதுன்னு எந்தச் சாமியாரும் என்கிட்டச் சொன்னதில்லை. நீ மண்டி போடாதே, இந்த நிலைமையில வேண்டாம். நாற்காலியில உக்காந்து தலையை மட்டும் குனி. உன் புருஷனை மண்டி போடச் சொல்லு, உனக்கும் சேத்து. அவனுக்குத்தான் உனக்குப் பதிலா எல்லாம் பண்ணத் தெரியுமே. வர்ற பிள்ளைக்கும் சேத்துக் குடுக்கறேன்.

பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பேராலே.

(அக்கா, வலது கையை மேலே தூக்கிக்கொண்டு தெற்கே பார்த்து நிற்கிறார். "எழுதிட்டியா?" என்கிறார். எழுதிவிட்டேன் என்றேன். "அவ தபாலைப் பிரிச்சிருக்க மாட்டா, பொறு" என்று கையை இறக்காமல் நிற்கிறார்.)